மணியின் இளைப்பு

சித்திரை 21

இன்று கத்திரி பிறந்தது. வெயில் ஏறுமுன்னரே உலாவப் புறப்பட்டும், தெருமுனைப் பிள்ளையார் கோயிலை எட்டுவதற்குள் மணிக்கு மேல்மூச்சு வாங்கிற்று. பிராயம் பன்னிரண்டைக் கடந்த லாப்ரடார். மூச்சை விடுகையில் சப்தமில்லை, உள்ளே இழுக்கும்போதுதான் தொண்டையில் கரகரப்பு எழுகிறது. நாய் ஜாதிக்கு வியர்வை என்பது பாதங்களில் சொற்பமாகக் கசிவதோடு சரி; நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே தேகத்தின் உஷ்ணத்தை அது ஆற்றிக்கொள்ள வேண்டும் என்றிருக்க, காற்றுப் போய்வரும் வழியே குறுகிவிட்டால், சென்னைக் கோடையில் அதன் அவஸ்தையைச் சொல்லவும் வேண்டுமோ? எதிர்வீட்டுப் பெரியவர், "வயசாச்சு தம்பி, எனக்கே மாடி ஏறினா இளைக்குது" என்றார். வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு யோசிக்கும் சிரமம் மிச்சம்.

சித்திரை 23

தொண்டையைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் அம்மாள் முதலில் பின்னங்காலைப் பிடித்துப் பார்த்தது எனக்கு விநோதமாக இருந்தது. நடுவிரல் நகங்கள், தரையில் இழுபட்டு இழுபட்டு, மேற்புறம் தேய்ந்து மழுங்கியிருந்தன. பாதத்தைப் புரட்டி, அதன் மேற்புறம் தரையில் படும்படி வைத்தார். திடமான நாய் கணத்தில் அதைத் திருப்பி ஊன்றிவிடுமாம். மணியோ, அது தன் கால்தான் என்ற பிரக்ஞையே இன்றிச் சற்று நேரம் அப்படியே நின்றது. "குரைப்பு மாறியிருக்கா சார்?" என்றார். கார்த்திகையிலிருந்தே கம்மிப் போயிற்று என்றேன்.

மூளையிலிருந்து இறங்கும் நரம்பு கழுத்தைக் கடந்து மார்புக்குள் போய், இடப்பக்கத்தில் மகாதமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறித்தான் குரல்வளையை அடைகிறது என்றும், இவ்வாறு நெடுந்தூரம் ஓடும் நரம்புகளே மணிக்கு வந்திருக்கும் நரம்பு வியாதியில் முதலில் நலிகின்றன என்றும், ஆதலால் மூச்சிழுக்கையில் கதவுகளைப் போல் விலகவேண்டிய குருத்தெலும்புகள் விலகாமல் நிற்பதற்கும் பின்னங்கால்கள் தள்ளாடுவதற்கும் காரணம் ஒன்றே என்றும் அவர் விளக்கினார். வெறும் மூட்டுவலியென்று எண்ணி, மனிதர் விழுங்கும் இபுப்ரோஃபென் மாத்திரையைக் கொடுப்போர் உண்டாம். அது நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார்.

சித்திரை 26

கழுத்துப்பட்டை போய், மார்பைச் சுற்றிய வார் வந்தது. வழவழப்பான மொசைக் தரையெங்கும் ரப்பர் விரிப்பு. தூங்கும் வேளையில் மூச்சை எண்ணிப் பார்க்கிறேன். நிமிஷத்துக்கு 30-க்குள் இருந்தால் பயமில்லை, ஈறு நீலம் பாரித்தாலோ ஈரத்துணியும் மின்விசிறியுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

நியூஃபவுண்ட்லாந்துக் கரையின் குளிர்ந்த கடலில் செம்படவருக்குத் துணைநின்ற நாய்களின் வமிசம் இது; தண்ணீர் ஒட்டாத இரட்டை ரோமம் அங்கே கவசம், இங்கே கம்பளி. அந்தஸ்துக்காக இதை வாங்கி மொட்டைமாடியில் கட்டிப்போடும் கனவான்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த நோட்டுப் போதாது.

வைகாசி 2

குருத்தெலும்புகளில் ஒன்றைத் தையலிட்டு நிரந்தரமாகத் திறந்து நிறுத்தும் ரணசிகிச்சை உண்டு. மூச்சு சீராகும்; ஆனால் தீனியும் நீரும் சுவாசக்குழாயில் இறங்கி நுரையீரலில் அழற்சி காணும் அபாயம் ஆயுள் பரியந்தம் இருக்கும்; கால்களுக்கோ அதனால் பிரயோஜனமில்லை. என்றாலும், மூச்சுக்குத் திணறுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அந்த அபாயத்தை ஏற்பதே உசிதமென்று எனக்குப் படுகிறது. அக்கினி நட்சத்திரம் கழிந்ததும் செய்யலாம், அதற்குள் எடை குறையவேண்டும் என்பது டாக்டரின் நிபந்தனை. தயிர்சாதத்தை அடியோடு நிறுத்திவிட்டதாக அம்மா சத்தியம் செய்கிறாள். இட்லியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.