கரும்பின் பெயரில் இரண்டு ஊர்கள்

நுழையும்முன்
ஒரு பயிரின் வரலாற்றைத் தேடிச் சென்றால் அதனைப் பயிரிட்ட மக்களின் வரலாறும் உடன் வரும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த ஒருவர், தென்னாப்பிரிக்காவின் கரும்பு நிலத்தில் கண்டதையும் எண்ணியதையும் இக்கட்டுரை கூறுகிறது.

நீரும் நிலமும்

அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர்க்கு வேளாண்மை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நீர். பொதிகையில் தோன்றும் தாமிரபரணி, கடலை அடையுமுன் எட்டு அணைக்கட்டுகளில் தேங்கிக் கால்வாய்களாகப் பிரிகிறது. அவற்றுள் ஏழு பழமையானவை. எட்டாவதான திருவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை ஆகிய ஊர்களின் வயல்களுக்கு நீரூட்டும் கன்னடியன் கால்வாய், பசு ஒன்று நடந்த வழியே வெட்டப்பட்டது என்றொரு செவிவழிக் கதை உண்டு. கார், பிசானம் என இங்கு ஆண்டுக்கு இரு போகம். மேல்வயல் நிறைந்த பின்னரே கீழ்வயலுக்கு நீர் வழியும். ஆதலால் அண்டை வயல்காரரோடு பேச்சை முறித்துக்கொண்டு எவரும் இங்கு நெல் விளைவித்துவிட முடியாது.

இத்தகைய மண்ணிலிருந்து சென்ற எனக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரை புதிராகத் தோன்றியது. டர்பன் நகரிலிருந்து வடக்கே டொங்காட் நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் கரும்பு. குன்றுகளின் அடியிலிருந்து முடிவரை பச்சைப் போர்வை விரித்தாற்போல் அது படர்ந்திருந்தது. மடையைத் தேடினேன், கால்வாயைத் தேடினேன், இரண்டும் இல்லை. அப்பகுதியின் கரும்பு பெரும்பாலும் வானத்து மழையை நம்பியே விளைகிறது. ஒருமுறை கரணை நட்டுவிட்டால், வெட்ட வெட்ட மறுதாம்பாகத் தழைத்துப் பல ஆண்டுகள் பயன் தருகிறது.

நான் சென்றது புரட்டாசித் திங்கள். நம் ஊரில் பிசானச் சாகுபடிக்கு நிலத்தைப் பண்படுத்தும் காலம் அது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள அந்நாட்டிலோ அது இளவேனில். ஆயினும் அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, புரட்டாசி நோன்பை விடாது போற்றி, புலால் நீக்கி உண்கின்றன. மாதத்தின் பெயர் கடல் கடந்துவிட்டது. பருவம் மட்டும் உடன் வரவில்லை.

கப்பலில் வந்த கைகள்

அக்குன்றுகளில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் தோன்றின. தமக்கெனச் சொந்த நிலமும் கால்நடையும் கொண்டிருந்த ஜூலு மக்கள், தோட்ட முதலாளிகள் விதித்த கூலிக்கு உழைக்க முன்வரவில்லை. ஆகவே முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். முதலாண்டில் அவர்கள் பெற்ற கூலி மாதம் 10 ஷில்லிங்.

ஒப்பந்தம் முடிந்தோர் பலர் ஊர் திரும்பாமல் காய்கறித் தோட்டமிட்டனர். 1895ஆம் ஆண்டின் சட்டம், அவ்வாறு தங்குவோர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தது. 1913இல் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டு அவ்வரி நீங்கியது. உழுத நிலம் அப்போதும் நிலைக்கவில்லை. 1950இல் இயற்றப்பட்ட இனவாரிக் குடியிருப்புச் சட்டம், டர்பனைச் சுற்றித் தோட்டமிட்டிருந்த குடும்பங்கள் பலவற்றைப் பெயர்த்தெறிந்தது.

பெயரும் எண்ணும்

டொங்காட் அருகே என்னை வரவேற்றவர், சிறு அளவில் கரும்பு பயிரிடும் எழுபது வயதுப் பெரியவர். ஆங்கிலம்தான் அவருடைய மொழி. எனினும் தாத்தா, ஆயா, அக்கா என்னும் உறவுச்சொற்கள் மட்டும் அவர் பேச்சில் தமிழாகவே நின்றன. என்னைத் 'தம்பி' என்று அழைத்தார்.

விடியற்காலையில் அவர் தோட்டத்தில் அறுவடைக்கு முன்னர்ச் சோகைக்குத் தீ வைத்தார்கள். சில நிமிடங்களில் நெருப்பு எழுந்து அடங்கியது. கரி படிந்த கழிகளை ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வெட்டத் தொடங்கினர். அப்போது, "என் தந்தை பயிரிட்ட கரும்பில் உங்கள் ஊரும் இருந்தது, தம்பி" என்றார். 'என்சிஓ 376' என்னும் வகையைத்தான் அவர் குறிப்பிட்டார். அப்பெயரின் முதலெழுத்து நேட்டாலைக் குறிக்கும்; அடுத்த இரண்டும் கோயம்புத்தூரைக் குறிக்கும். 1912இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் இரு வகைகளைக் கலந்து பெற்ற விதை, கடல் கடந்து அனுப்பப்பட்டது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925இல் தொடங்கிய ஆய்வு நிலையம் அவ்விதையிலிருந்து தேர்ந்தெடுத்த வகை அது. தென்னாப்பிரிக்கத் தோட்டங்களில் அது நெடுங்காலம் கோலோச்சியது.

பின்னர் வீட்டினுள் சென்று ஒரு தாளை எடுத்து வந்தார். ஆவணக் காப்பகத்தின் கப்பல் பதிவேட்டிலிருந்து படியெடுத்தது அது. தோட்டத்தில் அவருடைய பாட்டனாரை அழைக்கப் பயன்பட்டது ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு தேடியபோதுதான் பாட்டனாரின் பெயரும், அவர் தந்தையின் பெயரும், வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயரும் கிடைத்தனவாம். "இந்த எண்ணை வெறுத்தார் என் தாத்தா. எங்களுக்கு இதுதான் ஊருக்கு வழிகாட்டியது" என்றார். கரும்பின் மரபு அதன் பெயரிலேயே விளங்குகிறது; அதனை வளர்த்தவரின் மரபோ ஓர் எண்ணுக்குள் நூறாண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்திருக்கிறது.

நம் வயலில்

ஊர் திரும்பிய பின்னும் அந்தத் தாள் என் நினைவை விட்டு அகலவில்லை. எங்கள் ஊரிலும் 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. அது உருவாக்கிய நெல்வகைகளுள் 'அம்பை 16' தமிழக உழவர் பலரும் அறிந்தது. நெல்லுக்கு ஊர்ப்பெயர் வாய்த்துவிட்டது. முழங்கால் சேற்றில் குனிந்து அதனை நட்ட பெண்களின் பெயர்கள் எங்கே உள்ளன? பட்டாவில் இல்லை; குத்தகைச் சீட்டிலும் இல்லை. கப்பலேறியவருக்கு ஓர் எண்ணாவது எஞ்சியது. உள்ளூரிலேயே உழைத்துத் தேய்ந்தவர்க்கு அதுவும் இல்லை.

அவர்களுள் சிலர் இன்றும் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். எந்த வயலில், யாரோடு நின்று, என்ன கூலிக்கு நட்டார்கள் என்று கேட்டால் திண்ணையில் அமர்ந்து சொல்வார்கள். அதனைக் கேட்டு எழுதிவைக்கும் பொறுப்பு, எழுத்தறிந்த அவர்தம் பேரப்பிள்ளைகளுடையது.