அக்டோபருக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் அம்மாக்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், வசம்பு, தூளிக்குப் பழைய ஒன்பது கஜப் புடவை. நானும் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் இத்தனையையும் சுமந்துகொண்டு சியாட்டில் நகரத்தில் போய் இறங்கினேன். நவம்பரில் திரும்பும்போது லேகிய டப்பா காலி. அதற்குப் பதிலாக, பேஸ்பால் பந்தயத்துக்குப் பென்சிலால் கணக்கு எழுதும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தேன்! என் வீட்டுக்காரர் இன்றுவரை நம்பவில்லை.

கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். எழுபத்து நாலு வயசு. வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். வலது முழங்கால் தேய்ந்துபோய், கோல் ஊன்றித்தான் நடப்பார். நான் கொல்லையில் குழந்தைத் துணிகளை உலர்த்தும்போது அவர் சமையலறை ஜன்னலிலிருந்து ரேடியோ சத்தம் வரும். எந்நேரமும் ஒரே மாதிரிப் பேச்சு. நடுநடுவே ஜனங்களின் ஆரவாரம். எனக்கு என் மாமனார் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு சேப்பாக்கம் டெஸ்ட் மாட்சைத் தமிழ் வர்ணனையில் கேட்டதுதான் ஞாபகம் வந்தது. அதையே ஒரு நாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான், சிநேகம் பிடித்துக்கொண்டது.

முழங்காலுக்கு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அக்டோபர் 12 என்று தேதியும் குறித்தாயிற்று. "ஏன் அவ்வளவு தள்ளி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரித்தார். "பந்தயங்கள் அக்டோபர் 5-ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் எங்கள் ஆட்களுக்கு வேலை கிடையாது. அக்டோபரில் அவர்கள் ஆடி இருபத்தோரு வருஷமாகிறது!"

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அங்கே பெரிய பேஸ்பால் சங்கத்தில் முப்பது அணிகள். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஒவ்வொன்றும் 162 ஆட்டம் ஆடுகின்றன. நம் கிரிக்கெட் மாதிரி எப்போதோ ஒரு முறை இல்லை. அநேகமாக தினமும் ஆட்டம். பால்காரர் வருகிற மாதிரி அதுவும் வரும், போகும். கடைசியில் பன்னிரண்டு அணிகள் மட்டும் அக்டோபரில் நடக்கும் இறுதிச் சுற்றுகளுக்குப் போகும். சியாட்டில் மரினர்ஸ் அணி 2001-ல் 116 ஆட்டங்களில் ஜயித்து, 1906-ல் சிகாகோ கப்ஸ் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தது. அந்த வருஷத்தோடு சரி. அப்புறம் ஒரு அக்டோபரும் இல்லை. அமெரிக்காவின் நாலு பெரிய விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், அப்போது இத்தனை வருஷம் காத்துக்கிடந்த அணி வேறு இல்லை. 2021-ல் 90 ஆட்டங்கள் ஜயித்தும், கடைசி நாள் தோற்று வெளியே நின்றார்கள்.

அந்த அம்மாளின் பேரன் 2001-ல் பிறந்தவன். கல்லூரியில் படிக்கிறான், மீசை வந்துவிட்டது. தன் ஊர் அணி அக்டோபரில் ஆடி அவன் பார்த்ததே இல்லை.

2022 ஜூனில்தான் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அந்த மாதம் 19-ஆம் தேதி கணக்கு என்ன தெரியுமா? 29 வெற்றி, 39 தோல்வி. நம்பிக்கை வைக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் ஜூலையில் அவர்கள் தொடர்ந்து பதினாலு ஆட்டம் ஜயித்துவிட்டார்கள். நான் போய் இறங்கியபோது ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. பஸ் டிரைவர் சட்டையில், கடைக்காரப் பெண்ணின் தொப்பியில், எங்கே பார்த்தாலும் 'எஸ்' என்ற எழுத்தும் திசைகாட்டி நட்சத்திரமும்தான்.

செப்டம்பரில் பக்கத்து வீட்டு பிரிஜ் கதவில் ஒரு எண் முளைத்தது. அதை 'மந்திர எண்' என்பார்கள். நாம் ஒரு ஆட்டம் ஜயித்தால் ஒன்று குறையும். பின்னாலேயே துரத்தி வந்த பால்டிமோர் அணி ஒன்று தோற்றாலும் குறையும். பூஜ்யமானால் உள்ளே. அந்த எண் ஏறவே ஏறாது. குறையும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாம் காலண்டரில் அடிப்போமே, அது மாதிரி என்று நினைத்தேன். கல்யாண நாள் தானாக வந்துவிடும். இது வருமோ வராதோ!

செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் வெளியூரில், கான்ஸாஸ் நகரில். 11-2 என்று நம்மவர்கள் முன்னால் இருக்கிறார்கள். ஜன்னல் வழியாக அந்த அம்மாள் எனக்குக் கைகாட்டினார். நான் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டுத் தூங்கவைத்துவிட்டு மறுபடி கொல்லைக்கு வந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, அம்மாளைக் காணோம். எட்டிப் பார்த்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது இன்னிங்ஸ் ஒன்றிலேயே எதிரிகள் பதினோரு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். முடிவு 13-12, தோல்வி. நான் என்ன சொல்வது? காபி கலந்துகொண்டு போனேன். பில்டர் காபி. "இதில் என்ன போட்டாய்?" என்று இரண்டு தம்ளர் குடித்தார்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும், "அம்மா, நீ வந்ததிலிருந்து வீட்டை விட்டு நகரலே. ஒரு சாயங்காலம் போயிட்டு வா. மாப்பிள்ளை பாத்துப்பார்" என்று என் பெண் விரட்டினாள். பேரனின் சிநேகிதன் ஒருவன் வராததால் ஒரு டிக்கெட் மிச்சம். செப்டம்பர் 27, செவ்வாய்க்கிழமை. நார்த்கேட்டிலிருந்து ரயில், ஸ்டேடியம் ஸ்டேஷனில் இறங்கினோம். வண்டி முழுக்க அதே சட்டை, அதே தொப்பி. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோக அந்த மைதானத்தில் அனுமதி உண்டு என்று தெரிந்ததும் எலுமிச்சை சாதமும் அப்பளமும் கட்டிக்கொண்டேன். உள்ளே என்ன விற்கிறார்கள் என்று கேளுங்கள்: மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் தூவிய வறுத்த வெட்டுக்கிளி! பேரன் வாங்கி மொறுமொறுவென்று தின்றான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் நன்றாக இருந்தது. கை இரண்டு நாள் மணத்தது.

மைதானத்துக்கு நகரும் கூரை உண்டு. மழை வந்தால் குடை மாதிரி மேலே வந்து மூடிக்கொள்ளுமே தவிர பக்கங்களை அடைக்காது. குளிர்காற்று தாராளமாக வரும். பக்கத்திலேயே ரயில் பாதை. பந்து எறிகிற சமயம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போகும். கைக்குழந்தைகளோடு எத்தனை பேர்! இரைச்சல் உறைக்காமலிருக்கக் குழந்தைகளின் காதுகளில் மெத்தை வைத்த கவசம் மாட்டியிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது.

அந்த அம்மாள் என்னை முதலில் அழைத்துப் போனது ஒரு வெண்கலச் சிலைக்கு. வீரர் சிலை இல்லை; ரேடியோ வர்ணனையாளர் டேவ் நீஹாஸ் சிலை. 1977-ல் இந்த அணியின் முதல் ஆட்டத்திலிருந்து 2010-ல் காலமாகும்வரை அவர் குரல்தான். மேஜை, மைக், முன்னால் விரித்துவைத்த கணக்குப் புத்தகம். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி; யார் வேண்டுமானாலும் உட்காரலாம். புத்தகத்தில் விரிந்திருக்கும் பக்கம், 1995 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸை 6-5 என்று ஜயித்த ஆட்டம். பதினோராவது இன்னிங்ஸில் அந்த வெற்றி அடியை அடித்தவர் எட்கர் மார்ட்டினஸ்; இன்று மைதானத்தை ஒட்டிய தெருவுக்கு அவர் பெயர். அணி ஊரைவிட்டே போய்விடுமோ என்றிருந்த காலம் அது. அந்த அக்டோபரிலேயே புது மைதானத்துக்குப் பணம் ஒதுக்க மாநில சட்டசபை ஒப்புக்கொண்டது. "அதே பக்கம் என் நோட்டிலும் இருக்கு" என்றார் அம்மாள். இருந்தது, அப்புறம் வீட்டில் காட்டினார். இடது ஓரத்தில் ஒரு குழம்புக் கறை.

அன்று டெக்ஸாஸ் அணியிடம் தோற்றார்கள். நாற்காலியை விட்டு எழ அந்த அம்மாளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ரயிலில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு விளையாட்டுக்காக ஆபரேஷனை இவ்வளவு நாள் தள்ளிப்போடலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்க எனக்கு என்ன யோக்யதை? கர்ப்பப்பை ஆபரேஷனை நான் நாலு தடவை தள்ளிப்போட்டவள். மாமியாரின் வருஷாப்திகம், பையனின் பிளஸ் டூ பரீட்சை, நாத்தனார் பெண்ணின் கல்யாணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்து, மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் யார் யாருக்காகவோ. தனக்குப் பிடித்த ஒன்றுக்காகத் தள்ளிப்போட்ட பெண்ணை அன்றுதான் பார்த்தேன். அது சரி என்று சொல்லவில்லை, வலி வலிதான். ஆனால் ரயிலில் அவர் முகத்தில் புலம்பல் இல்லை. "நாளைக்கு ஜயிப்பார்கள்" என்றார்.

மறுநாள் ஜயித்தார்கள். வியாழனன்றும் பதினோரு இன்னிங்ஸ் போய் 10-9 என்று ஜயித்தார்கள். பிரிஜ் கதவில் 1.

செப்டம்பர் 30, வெள்ளி இரவு. வீங்கிய காலோடு அந்த அம்மாள் மைதானத்துக்குப் போகவில்லை. சமையலறையில் ரேடியோ, நோட்டு, முழங்கால்மேல் ஐஸ் பை. எங்கள் குழந்தைக்கு அன்று வயிற்று உப்புசம். தோளில் போட்டு நடந்தபடியே அங்கே போனேன். ஓக்லண்ட் அணியோடு ஆட்டம், 1-1. எட்டு இன்னிங்ஸ் லோகன் கில்பர்ட் பந்து எறிந்து அதற்குமேல் விடாமல் காத்தார். ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். இன்னொருவருக்குப் பதிலாகக் கேல் ராலி வந்தார். 25 வயசுப் பையன்; கட்டைவிரலில் அடி. பந்துகள் ஆகி ஆகிக் கடைசிப் பந்தில் வந்து நின்றது. அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மட்டை பட்ட சத்தம் ரேடியோவில் எனக்கே கேட்டது. வலது பக்கச் சுவருக்கு மேலே இருக்கும் காபி கடைக் கண்ணாடிவரை போயிற்றாம் பந்து. தெருவில் கார் ஹாரன்கள், யாரோ தட்டைத் தட்டுகிறார்கள். குழந்தை பயந்து வீரிட்டது. அந்தச் சந்தடியில் வாயுவும் பிரிந்தது! அம்மாள் அழவில்லை. பென்சிலை எடுத்து, கட்டத்தை நிதானமாக முழுதும் கருப்பாக்கினார். அதற்கப்புறம்தான் பேரனிடமிருந்து டெலிபோன். இருவரும் பேசவே இல்லை, மூச்சுச் சத்தம்தான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து தேதியை மாற்றச் சொன்னார். காரணம் கேட்ட அந்தப் பக்கத்துப் பெண் சிரித்துவிட்டாளாம். அக்டோபர் 12 போய் நவம்பர் 9 ஆயிற்று. அவர் பெண் வந்து சத்தம் போட்டாள், போடத்தான் செய்வாள்.

அக்டோபர் 8-ல் டொரான்டோவில் 8-1 என்று பின்தங்கி 10-9 ஜயித்ததை டெலிவிஷனில் பார்த்தோம். 15-ஆம் தேதி சியாட்டிலிலேயே ஹூஸ்டனோடு ஆட்டம். இருபத்தோரு வருஷத்துக்கப்புறம் உள்ளூரில் முதல் அக்டோபர். காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு பேரனோடு போனார். இரு பக்கமும் பூஜ்யம், பூஜ்யம் என்று ஆட்டம் நீண்டுகொண்டே போயிற்று. அதிர்ஷ்டம் திரும்பட்டும் என்று ஜனங்கள் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்கள். டெலிவிஷனில் அதைப் பார்த்த நான் "சிவ சிவா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பதினெட்டு இன்னிங்ஸ், ஆறு மணி 22 நிமிஷம். முடிவில் ஹூஸ்டன் ஒரே ஒரு ஓட்டம். 1-0. எல்லாம் முடிந்தது.

இரவு ரசம் சாதம் கொண்டுபோனேன். காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். நோட்டை நீட்டினார்: ஒரு பக்கத்தில் கட்டம் போதாமல் அடுத்த பக்கம் ஓடியிருந்தது. முன்னதாகத் தேதி கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மூன்றரை வாரம் அந்த வலியோடுதான் இருந்தார். என் பங்குக்கு விளக்கெண்ணெய் சுடவைத்துத் தடவிவிட்டேன். நவம்பர் 9-ல் ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று, நடைவண்டி பிடித்த குழந்தை மாதிரி வாசல்வரை வந்து கையசைத்தார்.

2025-ல் அதே கேல் ராலி 60 தடவை பந்தைச் சுவருக்கு வெளியே அடித்தார். அக்டோபர் 20 வரை ஆடி, கடைசிக் கட்டமான உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி குறைவாக, டொரான்டோவிடம் தோற்றார்கள். "பக்கத்து வீட்டு அம்மாள் கோல் இல்லாம மாடிப்படி ஏறிப் போய் பாத்தாங்கம்மா" என்றாள் என் பெண் டெலிபோனில். இப்போது இடது முழங்காலும் தகராறாம். அதற்கும் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள்.

"எப்ப வச்சுக்கப் போறாளாம்?" என்று கேட்டேன்.

"டிசம்பர்லே தேதி கேட்டிருக்காங்க."