சொட்டாத ஒழுக்கு

கோத்தகிரியில் மார்கழிக் காலையில் கார் எடுப்பவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். கண்ணாடிக்கு வெளியே பனி, உள்ளே நம் மூச்சு. ஹீட்டரைத் திருப்பி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிய வேண்டும். என் 1998 மாடல் காரில் அது ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி ஊதும். ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் பழைய துண்டு என்று மூன்று குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன். நான்காவது வருஷம் கூலண்ட் டப்பாவிலும் வாரத்துக்கு அரை லிட்டர் குறைய ஆரம்பித்தது. அப்போதுதான் பயம் வந்தது.

காரின் ஹீட்டர் தனியாக எதையும் சூடு பண்ணுவதில்லை. இன்ஜினைச் சுற்றிச் சூடான தண்ணீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்பும். அதன் மேல் ஃபேன் காற்றை ஊதும், அவ்வளவுதான். தண்ணீர் குறைந்தால் உயரத்தில் இருக்கும் அந்தச் சின்ன ரேடியேட்டரில்தான் முதலில் காற்று போய் அடைத்துக்கொள்ளும். ஆக, ஒழுக்கை அடைத்தால் ஹீட்டரும் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு இடித்தது. ஒழுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஹீட்டரோ நான் வாங்கிய நாளிலிருந்தே சில்லென்றுதான் இருக்கிறது. இன்னொரு விஷயமும் உறுத்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது மட்டும் ஹீட்டரில் லேசாகக் கதகதப்பு வரும். இறங்கும்போது சுத்தமாக இருக்காது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

முதலில் ஒழுக்கைத் தேடினேன். ராத்திரி காருக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் அட்டை காய்ந்து கிடந்தது. நாலு நாளும் அப்படியே. “தண்ணியை இன்ஜினே குடிக்குது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையைச் சாட்சிக்குக் காட்டினார். எங்கள் ஊர்க் குளிரில் காலையில் எல்லா வண்டியும் வெள்ளைப் புகைதான் விடும், அவர் வண்டி உட்பட. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். இது சுத்தமாகத்தான் இருந்தது. ரேடியேட்டரில் குமிழியும் இல்லை.

மெக்கானிக் தம்பி ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கை பம்பை மாட்டினார். மூடி சின்னச் சாமான்தான், ஆனால் மலையில் அதை நம்பித்தான் பிழைப்பு. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி உள்ளே 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கும். தம்பி அதே அளவு அழுத்தம் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தபோது முள் இறங்கியிருந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை.

டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்து, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே கை நுழையாத சந்தில் அரை மணி நேரம் துழாவினார். “இங்க பாருங்கண்ணா” என்றார். இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம் சோடா மூடி அளவில் ஒரு தகடு. அதன் கீழ் விளிம்பில் உப்புப் பூத்த சுவர் மாதிரி பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. அதற்கு நேர் கீழே சைலன்சர் பைப். வண்டி ஓடும்போது கசிகிற ஒவ்வொரு துளியும் அந்தச் சூட்டில் விழுந்து ஆவியாகிக்கொண்டிருந்திருக்கிறது. மேடு ஏறும்போதெல்லாம் காருக்குள் இனிப்பாக ஒரு வாசனை வரும். ஏதோ பேக்கரியில் வர்க்கி சுடுகிறார்கள் என்று ஒரு மாதமாக ரசித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்காலின் வாசனை அது. ருசியும் இனிப்புதான், ஆனால் விஷம். அதனால் கழற்றிய தண்ணீரைப் பிடித்த தட்டை முதலில் நாய்க்கு எட்டாமல் நகர்த்தி வைத்தோம்.

அந்தத் தகட்டுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் ‘டம்மி’. முழு இரும்புப் பிளாக்கில் ஓட்டை போட்டு, அதை ஏன் தகட்டால் மூட வேண்டும்? தண்ணீர் உறைந்து விரிந்தால் பிளாக் வெடிக்காமல் தகடு கழன்று காப்பாற்றும் என்று எங்கோ படித்திருந்தேன். கோவையில் ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் என் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். “உள்ள தண்ணி ஓடற பாதை எப்படி வரும் மச்சான்? மணல்ல கோர் பண்ணி அச்சுக்குள்ள வெச்சு வார்ப்போம். ஆறினப்புறம் அந்த மணலை எந்த வழியா வெளிய எடுக்கறது? அந்த ஓட்டைதான் அது.” குளிர் நாடுகளில் எப்போதாவது கழன்று காப்பாற்றியும் இருக்கலாம், ஆனால் ஓட்டை பிறந்தது மணலுக்காக.

தகட்டை எடுக்கப் பாதி இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் முழுக்கப் போயிற்று. வெளியே வந்த தகடு உள்பக்கமாக அரித்து, விரலால் அழுத்தினாலே உடைந்தது. வடித்த தண்ணீர் டிகாக்ஷன் நிறம். நான் ஊற்றிய பச்சைக் கூலண்ட் அந்தப் பழைய துருவோடு கலந்து போயிருந்தது. எனக்கு முன்னால் வருஷக்கணக்கில் வெறும் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது என்றார் தம்பி. கூலண்ட் உறையாமல் இருப்பதற்குத்தான், நம் ஊருக்கு எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது நமக்குத் தேவையில்லாத பெருமை. துருப் பிடிக்காமல் தடுக்க அதில் சேர்த்திருக்கும் மருந்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

தர்மாஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்ததும் தம்பி, “அடப் பாவமே, உள்ள ஒண்ணுமே இல்லண்ணா” என்றார். தர்மாஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு வால்வு. இன்ஜின் சூடாகும்வரை மூடிக்கொண்டு தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. சூடானதும் மெழுகு விரிந்து கதவைத் தள்ளும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்து தண்ணீர் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் மூச்சுமுட்டி மலை ஏறும்போது மட்டும்தான் சூடு மிஞ்சும். என் கதகதப்பு அங்கிருந்து வந்தது. லிட்டருக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் ஓடாததற்கும் அதுவே காரணம். பெட்ரோல் பங்க்கை மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

யார் கழற்றினது? காரை எனக்கு விற்ற பெரியவருக்குப் போன் போட்டேன். கோவைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார்.

“ஏனுங் தம்பி, வண்டி ஓடுதுங்களா?” என்று ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அதுங்களா... புள்ளை கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கத் தாராபுரம் போனமுங்க. மே மாசம், உச்சி வெயில். முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. ரோட்டோரத்துல டிராக்டர் பாக்கற பையன் ஒருத்தன்தான் வந்தானுங்க. ‘இதுதான் அடைச்சிருக்கு’ன்னு என்னமோ ஒண்ணைக் கழட்டிப் போட்டுட்டு, போர்த் தண்ணி ரெண்டு குடம் ஊத்தி அனுப்புனான். அப்பறம் ஒருநா ஹீட்டு ஆகலீங்களே! அப்படியே விட்டுட்டேனுங்க. சாமானைத் தூக்கிப் போட மனசில்லாம டிக்கியிலதான் வெச்சேன்.”

ஸ்டெப்னிக்கு அடியில், ஜாக்கிப் பையில், பழுப்பேறிய செய்தித்தாளில் சுற்றி அது இருந்தது. நானே அதைப் பலமுறை பார்த்து, ஏதோ பித்தளைக் குப்பை என்று தள்ளி வைத்திருக்கிறேன். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது.

தம்பி டீக்கடையில் ஒரு பழைய பால் பாத்திரம் வாங்கி வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தார். புதிதாக வாங்கியதையும் டிக்கியில் கிடந்ததையும் நூலில் கட்டி உள்ளே இறக்கினார். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே புதியது மெதுவாக வாய் திறந்தது. பழையது அசையவில்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் இறுக மூடியபடியே இருந்தது.

“அந்தப் பையன் சரியாத்தாண்ணா கண்டுபிடிச்சிருக்கான்” என்றார் தம்பி, இடுக்கியால் அதை எடுத்து அடுப்போரம் வைத்தபடி. “புதுசு வாங்கி மாட்டச் சொல்லியும் இருப்பான். அவருக்குக் கல்யாண வேலை இருந்திருக்கும்.”