மின்கம்பத்தில் ஏறாத கோவைக்கொடி

மழை விட்ட கார்த்திகையில் தாம்பரம் - வேளச்சேரி சாலையில் போனால் ஒன்றைப் பார்க்கலாம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் காலி மனைகளில் கோவைக்கொடி மண்டிக் கிடக்கும். மின்கம்பத்தைத் தாங்கி நிற்கும் ஸ்டே கம்பியில் உச்சி வரை ஏறியிருக்கும். பக்கத்திலேயே நிற்கும் சிமென்ட் கம்பத்தில் ஏறாது. கம்பத்தின் அடியிலேயே முளைத்திருந்தாலும் அதை விட்டுவிட்டுக் கம்பியைத்தான் பிடிக்கும்.

பாகல், பீர்க்கு, புடலை போடுகிறவர்கள் இதை நின்று கவனிக்க வேண்டும். கல்தூண் நட்டுப் பந்தல் போட்டும் கொடி தரையிலேயே படர்கிறது என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

கோவைக்கு ஏறும் உறுப்பு, கணுவில் நூல் போல நீளும் பற்றுக்கம்பி. அதற்குக் கண் கிடையாது. கொடியின் நுனியும் பற்றுக்கம்பியும் மெல்ல வட்டமடித்து, இருட்டில் சுவரைத் தடவுகிறவரைப் போலத் துழாவுகின்றன. சார்லஸ் டார்வின் 1865-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மழைத்துளி பட்டால் பற்றுக்கம்பி சுருள்வதில்லை, குச்சி உரசினால் சுருளும் என்பதும் அவர் பார்த்துச் சொன்னதுதான்.

குச்சி பட்ட பக்கத்தில் வளர்ச்சி குறையும், எதிர்ப்பக்கம் வேகமாக வளரும். அதனால் நுனி வளைந்து சுற்றிக்கொள்கிறது. மெல்லிய கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். பருத்த தூணென்றால் நுனி மறுபக்கம் வளையவே முடியாது, வழுக்கி விழும். பிடித்தபின் நடுப்பகுதி ஸ்பிரிங் போலச் சுருண்டு கொடியை மேலே இழுக்கும். அந்தச் சுருளை உற்றுப் பாருங்கள்: பாதி ஒரு பக்கமாகவும் மீதி எதிர்ப்பக்கமாகவும் முறுக்கியிருக்கும். இரு முனையும் கட்டுண்ட கயிற்றை ஒரே பக்கமாக முறுக்க முடியாதல்லவா! காற்றடித்தால் இந்தச் சுருள் நீண்டு கொடுக்கும், கொடி அறுந்துபோகாது.

மேடவாக்கம் தாண்டினால் நன்மங்கலம் காப்புக்காடு. இப்படிப்பட்ட முட்புதர்க் காட்டு ஓரங்களில் பிரண்டை, இலைக்கு எதிரே விடும் பற்றுக்கம்பியால் முள்செடிகளைப் பிடித்து ஏறும். முடக்கத்தானுக்குப் பூங்கொத்தின் அடியில் இரண்டு சின்னக் கொக்கிகள். குன்றிமணிக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டுதான் சுற்றும். அவரையும் சங்குப்பூவும் அந்த வகை. ஆகவே பாகல் பிடிக்காத மூங்கில் கழியில் அவரை ஏறிவிடும். அடுக்குமாடி மதில்களில் ஓவியம் போல ஒட்டிக்கிடக்கும் சிறு இலைக்கொடி வேரால் ஒட்டுவது. அதைக் கழனியில் யாரும் வைக்கப் போவதில்லை.

பந்தலுக்கு வருவோம். மேலே கம்பிவலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தரைக்கும் வலைக்கும் நடுவிலுள்ள ஆறடிதான் பிரச்சினை. ஒவ்வொரு குழியருகிலும் முளைக்குச்சி அடித்து, அதிலிருந்து மேல்கம்பிக்குச் சணல் கயிறு கட்டுங்கள். கிளையோடு கூடிய சவுக்கு மிலார் கிடைத்தால் இன்னும் நல்லது. சொரசொரப்பும் உண்டு, பிடிக்க மெல்லிய சிம்புகளும் உண்டு. கொடி ஓரடி வளரும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். எதையும் எட்டாத பற்றுக்கம்பி தானாகச் சுருண்டு வீணாகும்.

தரையில் படர்ந்துவிட்ட கொடியைத் தூக்கும்போது முற்றிய பற்றுக்கம்பியைப் பிரித்துக் கயிற்றில் சுற்றிவிடாதீர்கள், அது மறுபடி பிடிக்காது. தண்டை மட்டும் தளர்வாக வாழைநாரால் கட்டினால் போதும். நுனியில் வரும் இளம் பற்றுக்கம்பிகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.