குறைஞ்சு போனதுக்கும் ஒரு அடையாளம்

நெதர்லாந்தின் வடக்கு ஓரத்தில், வாடன் கடலை ஒட்டி நோர்டீஸ்ட் ஃபிரிஸ்லான் எண்டு ஒரு நிர்வாகப் பிரிவு இருக்கு. எங்கட கணக்கில் சொன்னால் ஒரு பிரதேச சபை. 2019 ஜனவரி 1இல் மூன்று சபைகளைச் சேர்த்து உருவாக்கினது. பெயர்கூட டச்சில் இல்லை, ஃபிரீசிய மொழியில்தான். டொக்கும் எண்ட சின்ன நகரத்தை விட்டால் மிச்சம் பெரும்பாலும் கிராமங்கள். நாங்கள் மூன்று பேர் சைக்கிளில் அங்க சுத்தித் திரிஞ்சம்.

முதலில் ஹேகபைன்டும். அணைகள் வருவதற்கு முந்தின காலத்தில், கடல் ஏறினாலும் வீடு நனையக்கூடாது எண்டு சனம் களிமண்ணும் சாணமும் போட்டுத் தலைமுறை தலைமுறையாக உயர்த்தின மேடு. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 9 மீற்றர். அந்த நாட்டில் இப்படியான மேடுகளில் இதுதான் உயரம் கூடினது. உச்சியில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். ஆனால் மேட்டின் பக்கங்கள் செங்குத்தாக வெட்டுப்பட்டுக் கிடக்கு. அது கடலின் வேலை இல்லை. 1900ஐ ஒட்டின ஆண்டுகளில் அந்த வளமான மண்ணை வெட்டி, வயல்களுக்கு உரமாக வித்திருக்கினம்.

இதில எங்களுக்குள்ள வாக்குவாதம் வந்திட்டுது. "முன்னோர் சுமந்த மண்ணை விக்கலாமோ?" எண்டாள் ஒருத்தி. "அணை வந்த பிறகு மேடு எதுக்கு? வயலுக்காவது உதவிச்சுதுதானே" எண்டான் மற்றவன். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

வீரும் கிராமத்தில் எடுத்தது கடல். ஊருக்கு நடுவில் இருந்த தேவாலயம், வடக்குப் பக்கத்தைக் கடல் கொண்டுபோனதால், இண்டைக்கு அணையோட ஒட்டிக்கொண்டு நிக்குது.

மொட்டர்ஹாட்டில் எடுத்தது மனிசரை. 1883 மார்ச்சில் அடிச்ச புயலில் 17 படகுகளும் 83 மீனவர்களும் போயினர். தூண்டில் இரைக்குக் கடற்புழு தோண்டினது பெண்கள். படகு திரும்பாத வீட்டில் ஆளும் போச்சு, அவையின்ர தொழிலும் போச்சு. அணைமேல் நினைவுச்சின்னம் வந்தது 1958இல், 75 வருசம் கழிச்சு.

சுற்றுலாக் கையேடுகள் இந்த மூன்றையும் 'பார்க்கவேண்டிய இடங்கள்' எண்டுதான் போடும். எங்களுக்கு அவை மூன்று கழித்தல் கணக்குகள். விலை எடுத்தது ஒண்டு, கடல் எடுத்தது ரெண்டு. கடல் எடுத்ததைத் தடுக்க ஆக்களால் முடியேல்லை. வித்ததைத் தடுத்திருக்கலாம். மேட்டில் தேவாலயமும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும் மிஞ்சினதே, அங்கயாவது மண்வெட்டி நிண்டதாலதான்.

இனி ஒரு ஊருக்குப் போனால், என்ன இருக்கு எண்டு மட்டும் பாராதேங்கோ. என்ன குறைஞ்சிருக்கு, அதை ஆர் எடுத்தது எண்டும் கேளுங்கோ.