பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க

வலங்கைமான் பெரியப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர்.
இன்னிக்கு போன்ல சொல்றார்:
"பிரஷர்தான் நார்மலா இருக்கேடா, அப்புறம் எதுக்கு மாத்திரை? நிறுத்திட்டேன்."
அட்டை பிரிக்காம சாமி மாடத்துல கிடக்காம்.

பகீர்னு ஆயிடுச்சு.

சுகர்காரங்களுக்கு யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசிஞ்சா, பெரும்பாலும் அதுதான் கிட்னி குடுக்குற முதல் எச்சரிக்கை.
வலிக்காது. வீங்காது. கிரியாட்டினின்கூட அப்போ நார்மலா இருக்கலாம்.

எனலாப்ரில், லோசார்டன் மாதிரி மாத்திரைங்க பிரஷரை மட்டும் குறைக்கறதில்ல. கிட்னியோட வடிகட்டிக்குள்ள இருக்குற அழுத்தத்தையும் குறைச்சு, அந்தக் கசிவை மட்டுப்படுத்தும்.
பிரஷர் நார்மலா இருக்கறதே மாத்திரையாலதான்!

மாத்திரைக்கு அலையவும் வேணாம்: 2021லேருந்து தமிழ்நாடு அரசோட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மூலமா சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது.

டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.
வருஷம் ஒரு தடவையாவது யூரின் ஆல்புமினும் கிரியாட்டினினும் பாருங்க.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்குக் கடைசியா எப்போ பார்த்தீங்க?