இன்ஜின் நின்ற பிறகு

இன்ஜின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் நேரே கீழே விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொறியியல் படித்த பிள்ளைகளே என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. உயரமோ வேகமோ கையில் இருந்தால், பழகிய விமானி இன்ஜின் இல்லாமலே இறக்கிவிடுவார். அந்த வித்தையை நம்பி முதலில் பறக்கும் வண்டி கட்டியவர்களில் முக்கியமானவர் ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வா.

1919-ல் அவர் வடிவமைத்த மூன்று இன்ஜின் குண்டுவீச்சு விமானம் சோதனையின்போது விழுந்து நொறுங்கியது. தாழ்வாகத் திரும்பும்போது வேகம் குறைந்ததுதான் காரணம். இப்படி நேர்ந்தால் பெரும்பாலோர் இன்னும் பெரிய இன்ஜினைத் தேடுவார்கள். சியர்வா, வேகம் குறைந்தாலும் விழாத இறக்கையைத் தேடினார்.

ஓலைக் காற்றாடியோடு ஓடும் பிள்ளைக்கு அதன் கணக்கு தெரியும்: ஓடினால் சுற்றும். சியர்வா கட்டிய ஆட்டோஜைரோ என்ற பறக்கும் வண்டியில் தலைக்கு மேல் சுழலும் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் தொடர்பில்லை. காற்றே அதைச் சுழற்றும். முதல் மூன்று வண்டிகளும் சரிவரப் பறக்கவில்லை. முன்னோக்கி வரும் இறக்கையில் தூக்குவிசை கூடுகிறது, பின்னோக்கிப் போவதில் குறைகிறது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நான்காவதில் இறக்கைகளின் அடியில் கீல் வைத்து, அவை மேலும் கீழும் அசைய விட்டார். 1923 ஜனவரியில், மாட்ரிட் அருகே ஹெட்டாஃபேயில் அது பறந்தது. சில நாளிலேயே, 30 அடி அளவு உயரத்தில் இன்ஜின் நின்றது. வண்டி மெதுவாகத் தரையில் வந்து அமர்ந்தது. சாதாரண விமானமாக இருந்தால் அந்த உயரத்தில் தப்புவது கடினம்.

ஹெலிகாப்டருக்கு இறக்கையைச் சுழற்றுவதே இன்ஜின்தான். அது நின்ற கணத்தில் விமானி, இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் லீவரைக் கீழே அழுத்த வேண்டும். விழுகிறோமே என்று மேலே இழுக்கத்தான் கை போகும். இழுத்தால் இறக்கையின் சுற்று குறைந்து எல்லாம் முடிந்துவிடும். ராபின்சன் ஆர்22 போன்ற சிறிய ஹெலிகாப்டரில் இதற்குக் கிடைப்பது ஒரு நொடி சொச்சம். உயரத்தை உடனே விட்டுக்கொடுத்தால் கீழிருந்து ஏறிவரும் காற்று இறக்கையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரைக்கு அருகில் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் லீவரை உயர்த்தினால், சுழற்சியில் சேர்ந்திருந்த சக்தி வண்டியைத் தாங்கும். அந்தச் சேமிப்பு ஒரு முறைக்குத்தான் வரும். அவசரப்பட்டு முன்பே செலவழித்தவருக்கு மறு வாய்ப்பு இல்லை.

வாழ்க்கையிலும் இதே கணக்குதான். வேலை போன பிறகும் கடன் வாங்கிப் பழைய ஆடம்பரத்தைக் காப்பாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதமே வாடகை குறைந்த வீட்டுக்கு மாறியவர்களையும் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்றவர்கள் இரண்டாம் வகையினரே.

1972-ல் பிரெஞ்சு விமானி ழான் பூலே, லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார். உச்சியில் இன்ஜின் அணைந்தது. மறுபடி மூட்ட முடியவில்லை. அத்தனை உயரத்தையும் காற்றின் தயவிலேயே இறங்கினார். உயரம் இருந்தவருக்கு அவகாசமும் இருந்தது. வேகமில்லாமல், தரையை ஒட்டியும் இல்லாமல் போதிய உயரமும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பதுதான் ஆபத்து. விமானிகள் அந்த எல்லையை வரைபடமாகவே வைத்திருக்கிறார்கள்.

சியர்வா 1936 டிசம்பரில், லண்டன் குரோய்டனில் பனிமூட்டத்தில் புறப்பட்ட பயணிகள் விமானம் மோதி நொறுங்கியதில், அதில் பயணம் செய்தபோது இறந்தார். அது ஆட்டோஜைரோ அல்ல.

இப்போது பல சிறு மின்விசிறிகளால் பறக்கும் சோதனை ஊர்திகள் வருகின்றன. அந்தச் சிறு விசிறிகளில் சேமித்துவைக்கும் சுழற்சி மிகக் குறைவு. அதனால் உபரி மோட்டாரையும், சிலவற்றில் பாராசூட்டையும் நம்புகிறார்கள். பாராசூட் விரியவும் உயரம் வேண்டும். இத்துறைக்குப் போகும் பிள்ளைகளே, எவ்வளவு தூரம் பறக்கும் என்று கணக்குப் போடும் முன், நடுவில் மின்சாரம் நின்றால் எப்படி இறங்கும் என்பதைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.